மூன்றாவது கிளை

காலை ஆறரை மணிக்குக் கிளை எண்ணும் வேலை தொடங்கும். சேர்மராஜ் தூசிக்காக முகத்தில் போட்டிருக்கும் வடிமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். முழங்கை வரை கழுவுவான். முதல் கண்ணாடித் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைப்பான். தட்டின் நடுவில் கடுகைவிடச் சிறிய ஒரு குழல் இருக்கும். இரண்டு நாள் முன்பு அது வெறும் குழலாக இருந்தது. இன்று அதன் பக்கங்களில் மொட்டுகள் வந்திருக்கும். சில மொட்டுகளின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அவன் எண்ணுவான். மறுபடியும் எண்ணுவான். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் படம் எடுத்து, கீழே இரண்டு பெயர்களை எழுதுவான். ஒன்று மாப்பிள்ளை பெயர், மற்றது பெண் பெயர்.

ஆடி மாதத்தில் தட்டுகள் குறைவு. ஆவணி பிறந்துவிட்டால் ஒரு நாளைக்கு நாற்பது வரும். தூத்துக்குடி கிளைக்கூடத்தில் எண்ணுபவர்கள் இரண்டே பேர். சேர்மராஜும் ஜெனோவாவும். திசுவை வெட்டுவதும் அவர்கள்தான். இப்போது ஒன்றரை ஆண்டாக வெட்டுவது ஜெனோவா மட்டும்.

அன்று பத்து மணிக்கு ஒரு குடும்பம் படம் வாங்க வந்தது. மாப்பிள்ளையின் அம்மா படத்தைக் கையில் வாங்கி, எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தாள்.

"பன்னெண்டுதானா?"

"பன்னெண்டு."

"எங்க நாத்தனா மவனுக்குப் பத்தொம்பது வந்துச்சே."

"எட்டு இருந்தாப் போதும்மா. அதுக்கு மேல எத்தன வந்தாலும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா அப்புறம் என்னத்துக்கு உக்காந்து எண்ணுதிய?"

ஜெனோவா தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சேர்மராஜ் சிரிக்கவில்லை. "எட்டுக்குக் கொறஞ்சா சொல்லணும்லா" என்றான்.

மணப்பெண் படத்தின்மேல் குனிந்திருந்தாள். "இதுல நான் எங்க இருக்கேன்?"

"குழல் அவரோடது. சுத்தி மங்கலாப் பஞ்சு மாதிரி தெரியுதுல்லா, அது நீங்க."

"நான் சரியாவே தெரியலையே."

"தெரியாது. ஆனா கிளை எங்க வரணும், எந்தப் பக்கம் திரும்பணும், எங்க நிக்கணும், எல்லாம் சொல்லுதது அதுதான். குழலுக்குத் தானா ஒண்ணும் தெரியாது."

பெண் மாப்பிள்ளையின் விலாவில் முழங்கையால் இடித்தாள். "கேட்டுக்கிட்டியளா?"

நுரையீரல் அப்படித்தான் உண்டாகிறது. எலியோ, ஆடோ, மனிதரோ, எந்தப் பாலூட்டியின் கருவிலும் முதலில் இருப்பது ஒரு குழல். அதைச் சுற்றி உருவமற்ற ஒரு மெத்தை. மெத்தைதான் சுற்றுத்திசு. அது ஓர் இடத்தில் குழலை அழைக்கிறது. குழல் அந்தப் பக்கம் மொட்டுவிடுகிறது. இன்னோர் இடத்தில் தடுக்கிறது. குழல் அங்கே நேராகப் போகிறது. சுற்றுத்திசுவை உரித்துவிட்டுக் குழலைத் தனியே வளர்த்தால் அது உருண்டையாக உப்பும், கிளைக்காது. குழலை எடுத்துவிட்டால் சுற்றுத்திசு இரண்டு நாளில் சாகும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே எலிக் கருக்களில் இதைக் கண்டுவிட்டார்கள். அப்போது அது ஆய்வுக்கூடத்துக்குள் இருந்த செய்தி.

பிறகு தூசி வந்தது. கைவிட்ட உப்பளங்களின் உப்பும் பழைய சாம்பல் மேடுகளும் சேர்ந்து ஆண்டில் எட்டு மாதம் காற்றில் நின்றன. வடிமூடி போட்டாலும் ஐம்பது வயதில் நுரையீரல் கல்லாகிவிடுகிறது. சிலருக்கு முப்பதிலேயே. அதனால் புது நுரையீரலை வளர்கலத்தில் வளர்த்தார்கள். ஓர் ஆளின் செல்லை எடுத்து, பின்னோக்கித் திருப்பிக் கருநிலைக்குக் கொண்டுபோய், மறுபடி வளரவிட வேண்டும்.

அங்கேதான் ஒரு சிக்கல் இருந்தது. குழலையும் சுற்றுத்திசுவையும் ஒரே உடலிலிருந்து எடுத்தால், திருப்பும்போது இரண்டும் கலந்து கட்டியாகிவிடும். இது குழல், இது மெத்தை என்ற எல்லை பிடிக்காது. ஒன்று இன்னொன்றிடம் பேச, இன்னொன்று வேறாக இருக்க வேண்டியிருந்தது. இரண்டு உடல்கள் தேவைப்பட்டன.

யாருடைய இரண்டாவது உடல்? ஊர் அதற்கு ஒரு விடை கண்டுபிடித்துக்கொண்டது. கல்யாணம் பேசும்போதே இருவர் திசுவையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். கிளைத்தால் தாம்பூலம் மாற்றினார்கள். இளம் வயதுத் திசுவைத் தகடாகத் திருப்பி உறைபேழையில் வைத்தார்கள். அவன் தகடு அவளுக்கு, அவள் தகடு அவனுக்கு. ஜாதகம் பார்ப்பவர்களும் இந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இப்போது பார்க்கிறார்கள்.

சேர்மராஜின் வீட்டுச் சுவரிலும் ஒரு படம் உண்டு. பதினான்கு கிளைகள். கீழே சேர்மராஜ், சந்தனமாரி என்று எழுதியிருக்கும். மூன்றாவது கிளை மட்டும் மற்றவற்றோடு சேராமல் பின்னோக்கி வளைந்திருக்கும். ஒரு சித்தி அதைப் பார்த்து முகம் சுளித்தாள். மாரி படத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அது என்னோட வேலைதான் சித்தி. எல்லாரும் போற பக்கம் போவாதன்னு சொல்லியிருப்பேன்."

மாரி இறந்து பதினெட்டு மாதம் ஆகிறது. வயது இருபத்தொன்பது.

*

பன்னிரண்டு மணிக்கு பிரம்மசக்தி வந்தாள். மாரியின் அம்மா. துறைமுகத்தில் இருபத்தாறு ஆண்டு பளுதூக்கி ஓட்டியவள். கிரேன் ஏணியில் நாற்பது மீட்டர் ஏறி இறங்கியவள், கூடத்தின் ஆறு படிக்கு இரண்டு முறை நின்றாள். சேர்மராஜ் கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஓடிப்போய்க் கை கொடுத்தால் அவளுக்குப் பிடிக்காது. நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க அத்தை."

அவள் உட்கார்ந்தாள். மூச்சு சமமாகும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியளா மாப்ள?"

"இனிமேத்தான்."

"எளச்சுட்டிய."

"நீங்களுந்தான்."

"எனக்குக் காரணம் இருக்கு." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆனால் அவன் பக்கம் தள்ளவில்லை. "ஆசுபத்திரியில குடுத்தாங்க. தைக்குள்ள மாத்தணுமாம். எங்க காலத்துல தகடு வைக்கிற பழக்கம் கெடையாது. வச்சிருந்தாலும் மாரி அப்பன் திசு எங்கயாவது டீக்கடையிலதான் இருந்திருக்கும்."

"சின்னத்தையோடது பாத்தாங்களா?"

"பாத்தாங்க. ரெண்டு கிளை விட்டுட்டு நின்னுபோச்சாம். என் தங்கச்சி சொபாவம் அப்படித்தான். எதையும் முடிக்க மாட்டா." சிரிக்கப் போய் இருமினாள். "பதிவேட்டுல தேடிப் பாத்ததுல ஒண்ணே ஒண்ணு பொருந்துதாம். அதுல உங்க பேரு போட்டிருக்கு."

தாளைப் படிக்காமலே அவனுக்குத் தெரிந்தது. உறைபேழை வரிசை ஏழு, சிற்றறை நாற்பத்தொன்று. சந்தனமாரியின் தகடு. இருப்பது அது ஒன்றுதான். உயிரோடு இருப்பவரிடம் மறுபடி எடுக்கலாம், இறந்தவரிடம் முடியாது. பெருக்கவும் முடியாது. பெருக்கினால் திசு சொல்ல வேண்டியதை மறந்துவிடும். சட்டப்படி அது அவனுக்கானது. அவன் விட்டுக்கொடுத்தால் நாளை அவன் நுரையீரல் கல்லாகும்போது சுற்றிவர யாரும் இல்லை.

"நான் கேக்க வரல" என்றாள் பிரம்மசக்தி. "தாளைக் குடுக்கச் சொன்னாங்க. குடுத்துட்டேன்."

"அதுல யோசிக்க ஒண்ணுமில்ல அத்தை. எடுத்துக்குங்க."

"ஒங்களுக்கு?"

"எனக்கு முப்பத்தொண்ணுதான் ஆவுது."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப ஒரே ஒரு காரியம் மட்டும் கேக்கேன். வெட்டுதது நீங்களா இருக்கணும். வேற ஆளு கை வேண்டாம். உங்க கை மாதிரி இந்தக் கூடத்துல கை கெடையாதுன்னு மாரி சொல்லிக்கிட்டே இருப்பா."

சேர்மராஜ் மேசைமேல் இருந்த தன் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஜெனோவா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

"அவளுக்கு வெட்டினது நான்தான்" என்றான்.

"எவளுக்கு?"

"மாரிக்கு."

"நீங்க வெட்டலாமா? பொண்டாட்டிக்குப் புருசன் வெட்டக் கூடாதுன்னு சொல்லுவியளே."

"கூடாது. ஜெனோவாகிட்ட கெஞ்சி வாங்கினேன்."

அவன் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். மாரிக்கு வைத்தது அவன் தகடு. தகட்டின் மேல்பாதி மூச்சுக்குழாயின் சுற்றுத்திசு. கீழ்ப்பாதி நுரையீரலின் சுற்றுத்திசு. கீழ்ப்பாதி கிளைவிடச் சொல்லும். மேல்பாதி நேராகப் போகச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் தலைமுடி அகலத்தில் ஒரு கோடு. பக்கவாட்டில் ஒளி விழுந்தால் மட்டும் தெரியும். எலிக் கருவில் முந்நூறு முறை வெட்டிப் பழகியவன் அவன். கோடு அவனுக்கு அன்றும் தெரிந்தது. தெரிந்தும் ஒரு முடி அளவு மேலே தள்ளி வெட்டினான்.

"ஏன்?"

"கொறஞ்சிறக் கூடாதுன்னு. அவளுக்குக் கொஞ்சம் கூட இருக்கட்டும்னு."

பிரம்மசக்தி அவன் மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள்.

"அந்தக் கொஞ்சம் மேல்பாதி. குழல் நேரா வளந்துச்சு. ஒம்பது நாள் பாத்தோம். ஒரு கிளை வரல. மறுபடி என்கிட்ட எடுத்துத் திருப்ப நாப்பது நாள் வேணும். அவளுக்கு இருபத்தாறு நாள்தான் இருந்துச்சு."

மாரியின் சான்றிதழில் 'திசு ஏற்கவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அது பொய்யில்லை. யார் கை என்று கேட்க அதில் இடம் இல்லை.

பிரம்மசக்தி எழுந்தாள். வடிமூடியை எடுத்து நிதானமாகக் காதில் மாட்டினாள். தாளை மேசைமேலேயே விட்டுவிட்டு ஆறு படி இறங்கினாள். இறங்கும்போதும் ஒரு முறை நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

*

மூன்று நாள் போயிற்று. அவன் எண்ணினான். பதினொன்று, ஒன்பது, பதினாறு. ஒரு தட்டில் நான்கு வந்தது. அந்தப் பெண்ணும் பையனும் வாசலில் நின்று கைகோத்துக்கொண்டே அழுதார்கள். ஜெனோவா அவர்களிடம் பத்து நாள் கழித்து இன்னொரு தட்டு போடலாம் என்றாள். அப்படி ஒரு விதி கிடையாது.

"போய்ப் பாரு சேர்மா" என்றாள் பிறகு அவனிடம். "அவங்களா வர மாட்டாங்க. படியேற முடியாத பொம்பள ரெண்டாந்தடவ வருவாங்கன்னு நெனைக்காத."

"என்னன்னு போவ?"

"கையெழுத்துப் போட்ட தாளோட போ. பேச வேண்டாம். ஒனக்குப் பேச வரவா போவுது."

போவதற்கு முன் உறைபேழை அறைக்குப் போனான். நாற்பத்தொன்றாம் சிற்றறையைத் திறக்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்தான். பதினெட்டு மாதமாக வாரம் ஒரு முறை வந்து பார்க்கிறான். மாரி இதற்குள் இருக்கிறாள் என்று யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானே சொன்னதுண்டு. ஆனால் அவன் படித்தவன். உறைவில் இருக்கும் திசு உயிரோடும் இல்லை, சாகவும் இல்லை. வெளியே எடுத்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஒரு குழலின் பக்கத்தில் வைக்க வேண்டும். வைத்தால்தான் அது உயிர். உள்ளேயே வைத்திருந்தால் அது ஓர் எண்.

துறைமுகக் குடியிருப்பில் பிரம்மசக்தி பின்வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து கிரேன்கள் தெரியும். அவன் தாளைப் பக்கத்தில் வைத்தான். அவள் பார்த்தாள். கையெழுத்து இருந்தது.

"எங்ககிட்டயும் ஒரு சட்டம் உண்டு மாப்ள" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "கப்பல் தளத்துல நம்ம வீட்டு ஆளு நின்னா அன்னைக்குக் கிரேன்ல ஏறக் கூடாது. மாரி அப்பன் தளத்துலதான் வேல பாத்தாரு. அவருக்கு என்ன ஷிப்டோ அது எனக்குக் கெடையாது. கல்யாணமாயி மூணு வருசம் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே கெடையாதுன்னு கேலி பண்ணுவாங்க. ஏன் அந்தச் சட்டம்னு நெனைக்கிய? கை நடுங்கும்னா? கை நடுங்காது. அவருக்கு இடிச்சிறக் கூடாதுன்னு ஒரு சாண் தள்ளி எறக்குவோம். அந்தச் சாணுல வேற எவனாவது நிப்பான்."

அவன் நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க ஏறியிருக்கக் கூடாது."

"ஆமா."

"என் புள்ள போயிட்டா. நீங்க ஏறியிருக்கக் கூடாது."

"ஆமா அத்தை."

தூரத்தில் ஒரு கிரேன் பெட்டியைத் தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, இறக்கியது. அவள் கண் அதன் கூடவே போய்வந்தது. வேறு எதுவும் சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கிளம்பத் திரும்பினான்.

"எப்ப வெட்டுதாங்க?"

"புதன்கெழம. ஜெனோவா வெட்டுவா."

"நீங்க?"

"நான் வெளிய இருக்கேன்."

"வெளிய இருந்து என்னத்தப் பாப்பிய? கோடு எங்க இருக்குன்னு உங்க கண்ணுக்குத்தான தெரியும். கையை வச்சுக்கிட்டுச் சும்மா பக்கத்துல நில்லுங்க. கீழ நிக்கிறவன் கொடி காட்டாம மேல இருக்கவ ஒரு பெட்டி எறக்க மாட்டா."

*

புதன்கிழமை காலை தகட்டை வெளியே எடுத்தார்கள். விரல்நகத்தில் பாதி இருக்கும். உருகும்போது ஓரம் லேசாகச் சுருண்டு, பிறகு விரிந்தது. ஜெனோவா ஊசியைப் பிடித்தாள். சேர்மராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டாவது கண்வில்லையில் பார்த்தான். விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னான். இன்னும் கொஞ்சம். அங்கே. கோடு தெரிந்தது.

"இங்கனயா?" என்றாள் ஜெனோவா.

"கீழ."

"இங்கன?"

"இன்னும் ஒரு முடி கீழ."

"கொறஞ்சுறாதா?"

"கொறையட்டும்" என்றான்.

அவள் வெட்டினாள்.

பிரம்மசக்தியின் குழலை அதன் நடுவில் வைத்து வளர்கலத்தில் இறக்கினார்கள். அன்று மாலை வரை எதுவும் இல்லை. மறுநாள் காலை குழலின் இடப்பக்கம் ஒரு புடைப்பு. மதியம் வலப்பக்கம் ஒன்று. வெள்ளிக்கிழமை பிரம்மசக்தியைச் சக்கரநாற்காலியில் கூட்டிவந்தார்கள். அவள் கண்வில்லையில் கண்ணை வைத்து வெகுநேரம் இருந்தாள்.

"எத்தன?"

"ஏழு. வந்துக்கிட்டு இருக்கு."

"இந்தப் பஞ்சு மாதிரி இருக்குதது?"

"அதான் மாரி."

அவள் கண்ணை எடுக்கவில்லை. "என் வயித்துல கெடந்து அவ நுரையீரல் வளந்துச்சு. இப்ப என்னோடது அவகிட்டக் கெடந்து வளருது." பிறகு கேட்டாள். "மாத்தினப்புறம் இது என்ன ஆவும்? கரஞ்சிருமா?"

"கரையாது. குழலைச் சுத்தித் தசையாவும். ரத்தக்குழாயாவும். குழல் உங்களோடது. அதை இறுக்குததும் விடுததும் அவளோடது."

"வீட்டுலயும் அப்படித்தான் இருந்தா."

அவளை அனுப்பிவிட்டு சேர்மராஜ் தனியே பார்த்தான். முதல் கிளை, இரண்டாவது. மூன்றாவது மற்றவை போகும் பக்கம் போகவில்லை. பின்னோக்கி வளைந்து, தன் பாட்டுக்கு நுனி பிளந்திருந்தது. அவன் கண்வில்லையை விட்டு விலகினான். பதிவேட்டில் 'உறைநிலை' என்பதை அடித்து 'உயிர்நிலை' என்று எழுதினான். எழுத்து கோணலாக இருந்தது. ஜெனோவா பார்த்தாள். திருத்தச் சொல்லவில்லை.

*

தையில் மாற்றினார்கள். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் அவன் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் பிரம்மசக்தி. கையில் தூக்குச்சட்டி.

"மூணு மாடி" என்றாள். "ஒரு எடத்துல நிக்கல."

"லிப்ட் இருக்கே அத்தை."

"லிப்டுல வரதுக்கா இவ்வளவு பாடு? சாள மீன் கொழம்பு. அடுப்புல வைங்க. இது என்ன வீடா, சரக்குக் கிட்டங்கியா? சன்னல் வடிதுணிய என்னைக்கு மாத்தினிய?"

அவள் திட்டிக்கொண்டே சன்னலின் வடிதுணியைக் கழற்றினாள், உதறினாள், மாட்டினாள். சாப்பிடும்போது சொன்னாள். "ஒங்களுக்கு என்னோட தகடு ஆவுமான்னு ஜெனோவாகிட்டக் கேட்டேன். வயசு தாண்டிருச்சாம்."

"தெரியும்."

"அப்ப வேற கல்யாணம் பண்ணிக்குங்க."

"பாப்போம்."

"பாப்போம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். நான் சொல்லுதத சொல்லிட்டேன். இதுக்கு மேல வருசத்துக்கு ஒருக்கத்தான் சொல்லுவேன்."

சாப்பிட்ட களைப்பில் சுவரோரம் இருந்த நாற்காலியில் சாய்ந்தாள். தலைக்கு மேலே பதினான்கு கிளைப் படம். அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். சிறிது நேரத்தில் தூங்கிவிட்டாள்.

சேர்மராஜ் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தான். வெளியே தூசி சன்னலில் மெல்லத் தட்டியது. அவள் மூச்சு சீராக இருந்தது. உள்ளே போயிற்று, ஒரு கணம் நின்றது, வெளியே வந்தது. மாரியின் மூச்சுபோல இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தான். இல்லை. இது கொஞ்சம் கனத்த, வயதான மூச்சு. ஆனால் ஒவ்வொரு முறையும் குழல்களைச் சுற்றி ஏதோ ஒன்று இறுக்கி, விட்டது.

பழக்கத்தில் அவன் எண்ணத் தொடங்கினான். பதினான்கு வரை எண்ணினான். அதற்குமேல் எண்ணாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.